மாப்பிள்ளை மரம்

திண்டுக்கல் பழனி ரோட்டில், டயர் கடைக்கு மாடியில் இருந்த விதைப் பரிசோதனைக்கூடத்தில் சபிஹாவுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் தக்காளி விதையையும் கத்தரி விதையையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "ஏனுங்க, இது ஒரிஜினலுங்களா, கலப்புங்களா?" என்று கேட்பார்கள். அவள் விதையை முளைக்க வைத்து, இலையை அரைத்து, மரபணுவை வாசித்துப் பதில் சொல்வாள். தகப்பன் யார் என்று தெரிந்ததும் தக்காளியின் முகம் மாறாது, விதை வாங்கினவர் முகம்தான் மாறும். அந்த வேடிக்கையைத் தவிர அந்த வேலையில் ஒரு சுவாரசியமும் கிடையாது.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. யாரும் பார்க்காத ஒன்றைத் தான் முதலில் பார்க்க வேண்டும், அதற்குத் தான் பெயர் வைக்க வேண்டும். படித்தவளுக்கு வரக்கூடிய ஆசைதான், தப்பில்லை. தப்பில்லாத ஆசை என்பதால்தான் அது எங்கே போய் நிற்கும் என்று அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை.

போன வருஷம் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, மலை நாவல் மரங்களின் உறவுமுறையை ஆராயும் வேலையில் ஒரு பங்கை இந்தக் கூடத்துக்குக் கொடுத்தது. மலைச் சரிவில் இரண்டு வகை நாவல் உண்டு. ஒன்றுக்குப் பெரிய இலை, மற்றதற்குச் சின்ன இலை. இரண்டும் எந்தக் காலத்தில் பிரிந்தன, பிரிந்த பிறகு எங்கேயாவது ஒன்றோடொன்று கலந்தனவா என்று பார்க்க வேண்டும். இலை பறித்து அனுப்ப நிலக்கோட்டைப் பாண்டி கிடைத்தான். முப்பது வயது, தேனும் கடுக்காயும் எடுக்க மலை ஏறிப் பழகிய கால். எந்த மரத்திலும் ஏறிவிடுவான். லத்தீன் பெயர்கள் மட்டும் அவன் வாயில் ஏறவில்லை.

"அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுக்கா. பெரிய எல மூத்தவ, சின்ன எல எளையவ. அக்கா தங்கச்சி, முடிஞ்சுச்சா?" என்றான். சபிஹாவும் சிரித்துக்கொண்டே கணினியில் அப்படியே போட்டுக்கொண்டாள்.

மலையில் ஒரு தகரக் கொட்டகையில் தங்கி வாரம் இரண்டு பொட்டலம் அனுப்புவான். காகிதப் பைக்குள் காயவைத்த இலை, மேலே ஒரு சீட்டு. சீட்டில் மர எண், இடம், தேதி. பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிற பழக்கம் அவனுக்கு. மலைப் பஸ் கண்டக்டர் கிளெமென்ட், பூ மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் பொட்டலத்தைச் செருகிவைத்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சபிஹா கையில் கொடுப்பார்.

கையுறை போட்டுக்கொண்டு பறி என்று எத்தனை தடவை சொன்னாலும் பாண்டி கேட்கவில்லை. கையுறை போட்டால் கிளை வழுக்குமாம். அதனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவன் கையின் வியர்வையும் சேர்ந்தே வரும். கணினி முடிவு நான்கு வரியாக விழும்: மூத்தவள் இவ்வளவு, இளையவள் இவ்வளவு, அறியாதது இவ்வளவு, மனிதன் இவ்வளவு. அந்தக் கடைசி வரிதான் பாண்டி. எப்போதும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். சபிஹா அதைக் குப்பை என்று கழித்துவிடுவாள்.

ஆனி மாதம் 'அறியாதது' வரியில் மூன்று என்று விழுந்தது. அதுவரை அங்கே சைபரைத் தவிர எதையும் அவள் பார்த்ததில்லை. மூன்று தடவை திரும்ப ஓட்டினாள். மூன்றுதான். ஓடைக்கு அப்புறம் ஒரு பள்ளத்தில் நின்ற மரங்கள் அவை. மூத்தவள் வீட்டிலும் இளையவள் வீட்டிலும் வேறு எவனோ நுழைந்திருக்கிறான்.

யார் என்று பார்க்க வம்சாவளி வரைந்தாள். மூத்தவளும் இளையவளும் ஒரே கொப்பு. ஊர் நாவல் அவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கொய்யா அதற்கும் தள்ளி. இந்த அறியாதது எந்தக் கொப்பிலும் ஒட்டவில்லை. எல்லோரும் பிறப்பதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போனவன் மாதிரி அடியிலிருந்தே தனியாக ஒரு கோடாக நின்றது. அவ்வளவு விலகிப்போன ஓர் உயிர் இன்னொன்றோடு கலக்கக் கூடாது. கலந்தாலும் விதை முளைக்கக் கூடாது. இங்கே கலந்தும் இருந்தது, முளைத்தும் இருந்தது. அப்படியானால் இது எதோடுதான் கலக்காது என்ற கேள்வி அவளுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

இன்னொன்றும் இடித்தது. கலப்பு என்பது தலைமுறை தலைமுறையாகக் கரைய வேண்டும். தாத்தன் ரத்தம் பேரனிடம் கால்வாசிதான் இருக்கும். இங்கே தலைகீழ். கிழட்டு மரங்களில் மூன்று, நடுவயது மரங்களில் பன்னிரண்டு, முழங்கால் உயரக் கன்றுகளில் ஐம்பது. ஐம்பது என்றால் நேர்த் தகப்பன். என்றோ செத்துப்போன மரம் போன வருஷத்துக் கன்றுக்குத் தகப்பனாக முடியாது. அது உயிரோடு இருக்கிறது, அங்கேயே எங்கோ பூத்துக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் பாண்டி மனைவி சௌந்தர்யாவோடு மாடி ஏறி வந்தான். அவள் நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ கட்டுகிறவள், விரல் நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். சபிஹா கன்றுகளின் கதையைச் சொன்னதும் பாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அடேயப்பா! அக்காளையும் தங்கச்சியையும் ஒரே மாப்ளையில்ல கட்டிருக்கான்! யாருன்னு பாத்துருவோம்க்கா. பொண்ணு வீட்டுக்காரவுக நாமதான, மாப்ள வீடு பாக்கப் போயித்தான ஆகணும்?"

"பாத்துட்டு ஒரே மாசத்துல எறங்கி வந்துரணும்," என்றாள் சௌந்தர்யா. அவனிடம் சொல்லவில்லை, சபிஹாவைப் பார்த்துச் சொன்னாள். "ஆளு மரத்தப் பாத்தா வீட்ட மறந்துருவாரு. நீங்கதான்க்கா கூப்புட்டு வுடணும்."

"நான் பொறுப்பும்மா. ஒரு மாசம், அதுக்கு மேல ஒருநாள் கூட இல்ல," என்றாள் சபிஹா.

படி இறங்கும்போது பாண்டி திரும்பிப் பார்த்து, "பழம் நெறையாக் கெடக்கும். ஆனா சம்பந்தம் முடியாம அங்க கை நனைக்க மாட்டேன்க்கா," என்றான். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடிவதற்கு முன் தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்பந்தம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

பாண்டி பள்ளத்துக்குள் இறங்க இறங்க எண்கள் ஏறின. ஐம்பது, ஐம்பத்தேழு, எழுபது. பெரிய மரங்களிலேயே இப்போது அறியாததுதான் பாதிக்கு மேல். சபிஹா சோற்றை மறந்தாள். முழுதாக நூறு வர வேண்டும், அந்தத் தகப்பன் மரத்தின் ஓர் இலை வேண்டும். அது கிடைத்துவிட்டால் போதும், உலகத்திலேயே அவள்தான் முதல்.

இரண்டாவது வாரக் கடைசியில் பாண்டி போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, இங்கன ஒரு குருவி இல்ல. பழம் பூராக் கருகருன்னு தொங்குது, அணில் கூடத் தொடல. நான் அடியில போயி நின்னாத்தான் விழுகுது."

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்தே இல்லக்கா. அடையாளத்துக்கு மஞ்சத் துணி கட்டுனேன்ல, பதினாறு மரத்துக்கு. காலையில எண்ணுறேன், பதினேழு இருக்கு. அதே துணி, அதே முடிச்சு. நான் எறங்கி வந்துரவா?"

சபிஹாவுக்கு எதிரே திரையில் எழுபது என்று நின்றது. "தப்பா எண்ணிருப்ப பாண்டி. இன்னும் ஒரு பொட்டணம் அனுப்பு, அப்புறம் வந்துரு," என்றாள்.

அடுத்த பொட்டலத்தில் எண்பத்திரண்டு. மனிதன் வரி பாதியாகக் குறைந்திருந்தது. அடடா, நம் ஆளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று சபிஹா சந்தோஷப்பட்டுப் போன் போட்டாள்.

"கையுற போட ஆரம்பிச்சுட்ட போல?"

"இல்லையேக்கா. வெறுங்கைதான். அக்கா, இன்னைக்கு வரட்டுமா? சௌந்தர்யா கேட்டுக்கிட்டே இருக்கா," என்றான்.

"ஒண்ணே ஒண்ணு, பாண்டி. நூறு வந்துரட்டும்."

அவன் சரி என்றான். ஏறச் சொன்னால் ஏறுகிறவன், இறங்கு என்று அவள் சொல்லாதவரை இறங்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவையும் கேட்டான். இந்தத் தடவை சீட்டில் எழுதிக் கேட்டிருந்தான், பள்ளத்துக்குள் சிக்னல் இல்லை. 'அரிசி தீந்துருச்சு. வரவா?' கிளெமென்ட் மூலமாக ஐந்து கிலோ அரிசியும் பருப்பும், 'இன்னும் ஒன்று' என்று ஒரு துண்டுச் சீட்டும் ஏற்றி அனுப்பினாள். அரிசி இரண்டு நாள் கழித்து அதே சாக்கில், கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. கூடவே பொட்டலம். சீட்டில் எண்ணும் இல்லை, இடமும் இல்லை. பென்சிலில் ஒரே வரி: 'பசிச்சுச்சு. கை நனைச்சுட்டேன்.'

சபிஹா சீட்டை இரண்டு தடவை வாசித்தாள். பழம் தின்றிருக்கிறான், அவ்வளவுதானே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இலையில் அறியாதது தொண்ணூற்றாறு. மனிதன் சைபர்.

யார் கை இலையைத் தொட்டு மடித்திருந்தாலும் அந்த வரியில் தெரியும். பறித்து, காயவைத்து, மடித்து, கட்டி, பஸ்ஸில் ஏற்றி வந்த பொட்டலத்துக்குள் ஒரு மனிதக் கையின் சுவடும் இல்லை. மருந்தை மாற்றி ஓட்டினாள். கருவியைத் துடைத்து ஓட்டினாள். சைபர்தான். "யா அல்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று மத்தியானம் சௌந்தர்யா போன் செய்தாள். "அக்கா, மாசம் முடிஞ்சு மூணு நாளாச்சு. அவரு நல்லாத்தான இருக்காரு?"

"நல்லா இருக்கான்மா," என்றாள் சபிஹா. பொய் சொல்லுகிறோம் என்று தெரிந்தே சொன்னாள்.

போனை வைத்ததும் பயம் வந்தது. பாண்டியின் எண்ணுக்கு அடித்தாள், போகவில்லை. 'உடனே இறங்கி வா' என்று பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அந்தச் சீட்டைக் கிளெமென்ட் வாங்கிக்கொண்டார். அவர் கையில் அவளுக்கு ஒரு பொட்டலம் தயாராக இருந்தது.

"அவர நேர்ல பாத்தீங்களா சார்?"

"பாக்காம? கொண்டையூசி வளைவுல தினம் நிக்கிறாப்ல மேடம்." கிளெமென்ட் டிக்கெட் கட்டைத் தொடையில் தட்டினார். "போறப்பயும் அங்கதான், வாறப்பயும் அங்கதான், சாயங்கால டிரிப்புலயும் அங்கதான். பக்கத்துலயே நெழலு இருக்கு, ஷெட்டு இருக்கு. மொட்ட வெயில்லதான் நிக்கிறாப்ல. சூரியன் நகர நகர மூஞ்சியும் திரும்புது. மழ பேஞ்சப்பயும் அசையல, நாக்க நீட்டிக்கிட்டு நின்னாப்ல. நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அவரு பாண்டிதானா?"

சபிஹா பொட்டலத்தை அங்கேயே பிரித்தாள். இலை இரண்டு. சீட்டில் பாண்டியின் கோணல் எழுத்து: 'சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். சௌந்தர்யாவை வரச் சொல்லவும்.' பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதியதால், ஆரம்ப எழுத்துகள் எப்போதும் போலக் கருமையாக ஊறியிருந்தன.

கூடத்துக்குப் போனதும் அவள் இலையைத் தொடவில்லை. அந்த ஊறிய எழுத்து இருந்த மூலையை மட்டும் கத்தரியால் வெட்டினாள். அதில் எச்சில் இருக்கிறது. எச்சில் இருந்தால் பாண்டி இருப்பான், மனிதன் வரி நிரம்பி வழியும், அதைப் பார்த்து நாம் நிம்மதியாகச் சோறு தின்னலாம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்கக் கருவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான்கு வரியும் விழுந்தன.

மூத்தவள் சைபர். இளையவள் சைபர். மனிதன் சைபர்.

அறியாதது நூறு.

ஒரு மாசமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்தது வந்து சேர்ந்துவிட்டது. கலப்பே இல்லாத, அசலான, முழுத் தகப்பன். அது பென்சிலை நாக்கில் தொட்டு அவளுக்குச் சீட்டு எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. பழனிக்குப் போகிறவர்களின் மஞ்சள் வேட்டிகள், முறுக்கு விற்பவர்கள், ஹாரன் சத்தம். சௌந்தர்யா புதுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து வந்திருந்தாள். சபிஹாவின் கைப்பையில் நான்காக மடித்த முடிவுத்தாள் இருந்தது. பொண்ணே, வீட்டுக்குப் போயிரு, இங்கே நிற்காதே என்று சொல்லத்தான் வந்திருந்தாள். சொல்ல வாய் எடுப்பதற்குள் மலைப் பஸ் உள்ளே நுழைந்துவிட்டது.

அவன் இறங்கினான். அதே கட்டம்போட்ட சட்டை. அதே இடது தோள் சாய்ந்த நடை. சனங்கள் எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்க, அவன் மட்டும் வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் போய் நின்றான். கிளெமென்ட் பஸ்ஸின் அந்தப் பக்க வாசல் வழியாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்றான் அவன். பாண்டியின் குரலேதான். பல்லெல்லாம் நாவல்பழம் தின்ற கறை. சிரித்த முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

சபிஹா சௌந்தர்யாவின் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பாட்டில் கடை ஓரமாக இழுத்துப்போனாள். தாளை விரித்தாள். "சௌந்தர்யா, நான் சொல்றத நம்பு. நம்பாட்டியும் பரவால்ல, கேளு. அது பாண்டி இல்ல."

சௌந்தர்யா தாளைப் பார்க்கவில்லை. வெயிலில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியுங்கக்கா," என்றாள்.

"தெரியுமா?"

"நேத்து வளைவுல இருந்து எவரு போனையோ வாங்கிப் பேசுச்சு. 'சௌந்தர்யா'ன்னு கூப்புட்டுச்சு. அவரு ஒருநாளும் என்னைய அப்புடிக் கூப்புட்டதில்ல. வீட்டுக்குள்ள வேற பேரு." அவளுடைய உதடு ஒருமுறை கோணிக்கொண்டு சரியானது. "அது உங்ககிட்டச் சொல்ற பேரு. அங்க நின்னு உங்ககிட்ட அவரு பேசுனதுதான அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா வந்த? வா, போயிரலாம். போலீஸ்ல சொல்லுவோம், மேல போயித் தேடச் சொல்லுவோம்..."

"மூணு தடவ எறங்கி வாரேன்னு கேட்டாரு," என்றாள் சௌந்தர்யா. குரல் உயரவே இல்லை. "ஒவ்வொரு தடவையும் எனக்கும் சொல்லி வுட்டாரு. மூணாவது தடவ கிளெமென்ட் அண்ணே வந்து சொன்னாரு. வரச் சொல்லிட்டாங்களான்னு கேட்டேன். 'அக்கா இன்னும் ஒண்ணு கேட்டாங்களாம்'னாரு. நீங்க பொறுப்புன்னு சொன்னீங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப அவரு எங்க இருக்காருன்னு கேட்டா நீங்க சொல்வீங்களாக்கா?"

பதினோரு வருஷமாக யாரும் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் இது இன்னது என்று சொல்லிப் பழகிய சபிஹாவின் வாய், அப்போது ஒன்றும் சொல்ல வராமல் திறந்தபடி நின்றது.

"அப்ப வுடுங்க," என்றாள் சௌந்தர்யா. "நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போக மாட்டேன். அவரு மொகமாவது மிஞ்சட்டும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள். பக்கத்தில் போனதும் ஒரு கணம் தயங்கினாள், அவள் தோள் ஒடுங்கியதைச் சபிஹா பார்த்தாள். பிறகு அவனுடைய பையைத் தான் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள். அவன் வெயில் படுகிற பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். சௌந்தர்யா பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்தபடி இருந்தாள். பஸ் புறப்பட்டது.

நிலக்கோட்டையில் இன்று சாயங்காலம் தெருவே வந்து பாண்டி வந்துவிட்டானா என்று விசாரித்துவிட்டுப் போகும். யாரும் அவனைத் தேடப் போவதில்லை. ஒப்பாரி இல்லை, பதினாறாம் நாள் இல்லை. சௌந்தர்யாவால் இனி அழவும் முடியாது, புருஷன் வீட்டிலேயே இருக்கிறான். சபிஹா அந்தத் தண்ணீர்ப் பாட்டில் கடை ஓரத்தில், பழனிக்குப் போகிற சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, செத்துப்போன பாண்டிக்காக வாய்விட்டு அழுதாள்.